மாப்பிள்ளை வாங்கித் தந்த போனுக்கு அப்டேட் வராத விஷயம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
26.4.2025, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு மாமனார் சங்கிலிப்பாண்டி எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தை அய்யம்மாளும், என் வலது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் சத்யப்பிரியாவும் பேரனும் எதுவும் நீங்கலாக இல்லாமல் முழுச் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று இருவரும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் தாளை எடுத்து எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். போன மாதம் இதே விஷயத்தை உங்களுக்கு வாய்ஸ் மெசேஜாகப் பேசினேன். நாலு நிமிஷம் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் அது உங்களுக்குப் போகவில்லை, நம் இரண்டு வீட்டாரும் இருக்கிற குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. அதில் போன் கம்பெனிக்காரனைப் பெற்ற தாயார் பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டது. உங்கள் பெரியம்மா அதற்குக் கைகூப்புகிற படம் போட்டிருந்தார்கள். முழுதும் கேட்டுவிட்டுக் கும்பிட்டார்களா, கேட்காமலே கும்பிட்டார்களா என்று தெரியாமல் இன்றுவரை தவிக்கிறேன். நேராகக் கூப்பிட்டால் சத்யா எடுத்து, "அப்பா, அவர் மீட்டிங்ல இருக்காரு" என்கிறாள். ஆகவே தபால்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தீபாவளிக்கு முன்னால் நீங்கள் வாங்கித் தந்த போன் மிக உயர்ந்த போன். மாப்பிள்ளை தந்ததைக் குறை சொல்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. போனோடு நிறுத்தாமல் மகாராஜபுரத்து வயலில் மோட்டாருக்கும் ஒரு பெட்டி மாட்டிக் கொடுத்தீர்கள். இங்கே வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பில் பச்சை வட்டத்தைத் தொட்டால் இருபது கிலோமீட்டர் தள்ளி வயலில் மோட்டார் ஓடும், சிவப்பைத் தொட்டால் நிற்கும். முப்பத்தாறு வருஷம் ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டராக மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு, மெஷின் பக்கமே போகாமல் மெஷின் ஓட்டுவது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழங்கால் ஆபரேஷன் ஆன வருஷம் என் பயிரைக் காப்பாற்றியது அந்தப் பச்சை வட்டம்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டியதில் ஒரு தடவை வயல் குளமாகிவிட்டது, அது என் குற்றம், போனின் குற்றமில்லை.

வினை போன கார்த்திகையில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆப்பைத் திறந்தால் வட்டத்தைக் காணோம். "இந்தச் செயலி உங்கள் போனின் பழைய மென்பொருளில் இயங்காது. போனைப் புதுப்பிக்கவும்" என்று எழுதியிருந்தது. சரி, புதுப்பிப்போம் என்று செட்டிங்ஸுக்குள் போனால், "உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது" என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒருத்தன் பழசு என்கிறான், ஒருத்தன் புதுசு என்கிறான். இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்குள் குடியிருக்கிறவர்கள்தானே, ஒரு வார்த்தை தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாதா? பதினைந்து நாள் காலையும் மாலையும் பார்த்தேன். அவன் பழசு, இவன் புதுசு. பதினாறாம் நாள் ராஜபாளையத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே கவுண்டரில் மகாலட்சுமி என்று ஒரு பெண். நல்ல பெண், பொறுமைசாலி, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆறு மாதத்தில் ஒன்பது முறை என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். போனை வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "போன்ல ஒண்ணும் ஃபால்ட் இல்ல சார். அப்டேட் கட்டம் கட்டமா வருது. ஒங்க கட்டம் இன்னும் வரல" என்றாள்.

"எங் கட்டத்துல எட்டுல சனி இருக்குன்னு ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிருக்காரும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டேன். சத்தியமாக விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"அந்தக் கட்டம் இல்ல சார். மொத நார்த்துல விடுவாக. பொறவு கொஞ்சங் கொஞ்சமா எறக்கி விடுவாக."

"வடக்க இருந்து தெக்க எறங்க இத்தன நாளா? நடந்தா வருது?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லில் ஒரு மெஷின் நின்றால் பத்து நிமிஷத்துக்குள் ஃபிட்டர் அதன் முன்னால் நிற்க வேண்டும். நான் மாஸ்டரிடம் போய், "ஐயா, ரிப்பேர் கட்டம் கட்டமாக வரும், மூணாம் நம்பர் மெஷினின் கட்டம் இன்னும் வரவில்லை" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கட்டத்தைக் கிழித்திருப்பார். கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லி மகாலட்சுமியே தட்டிக் கொடுத்தாள். பதிலும் வந்தது. "உங்கள் பொறுமைக்கு நன்றி." நான் பொறுமையாக இருந்ததாக அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், இரண்டு தெரு தள்ளி இருக்கிற ரிட்டயர்டு டீச்சர் கிருபாபாய் அம்மா கையிலும் இதே போன்தான், அதே கடை, அதே கலர். அவர்களுக்கு அப்டேட் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. "நான் ஒண்ணுமே செய்யல அண்ணாச்சி, டீ போட்டுட்டு வந்து பாத்தா வந்திருக்கு" என்றார்கள். அவர்களுக்கு வயல் இல்லை, மோட்டார் இல்லை, ஜெபப் பாட்டு கேட்பதோடு சரி. வைஃபை இருந்தால் சீக்கிரம் வரும் என்று மகாலட்சுமி சொல்லியிருந்ததால், அவர்கள் வீட்டு வைஃபையில் என் போனைக் கோத்துவிட்டார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை அவர்கள் வாசலில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இஞ்சி டீ நன்றாகப் போடுகிறார்கள். அப்டேட் வரவில்லை. உங்கள் அத்தைதான், "போன் புதுசாகுதோ இல்லையோ, ஒங்களுக்குத் தினம் புதுச் சட்டை கேக்குது" என்று ஒரு நாள் சொன்னாள். மறுநாளிலிருந்து போகவில்லை.

ஆக, பழையபடி பஸ். மும்முனைக் கரண்ட் காலை ஒன்பது மணிக்கு வந்தால் மத்தியானம் மூன்றுக்குப் போய்விடும். அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் எங்கள் வத்திராயிருப்பு பஸ் மாட்டிக்கொண்டால், ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது எதிர் பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் போன். அதில் எத்தனை போனுக்கு அப்டேட் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே போவேன். மாசி, பங்குனி முழுக்க ஒன்றுவிட்டு ஒருநாள் இப்படித்தான் போய் வந்தேன். பங்குனி கடைசியில் கதிர் பால் பிடிக்கிற நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் வீட்டுக்குப் பதர்தான் வரும். அப்போது பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் உங்கள் அத்தை கஞ்சியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பக்கத்து வயல்லதான அக்கா வீட்டுக்காரவுக நிக்காக. ஒரு வார்த்த சொன்னா சுவிச்சத் தட்டி விட மாட்டாகளா?" என்றாள்.

"பயிரு காஞ்சாலும் காயட்டும். அவர்ட்ட நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

மாப்பிள்ளை, இந்தக் கதை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் மாமனார் தன் நிலத்தை இரண்டு பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்ததால் என் வயலுக்கு அடுத்த வயல் என் சகலை பால்சாமி அண்ணாச்சியுடையது. மூத்தவள் இருளம்மாளைக் கட்டியவர். நானும் அவரும் பேசி ஏழு வருஷம். காரணம் உங்கள் கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் பெரியப்பா என்ற முறையில் "(லேட்) இருளப்பன் குமாரர் திரு. பால்சாமி" என்று அச்சாகியிருக்க வேண்டும். "இருளப்பன் குமாரர் (லேட்) பால்சாமி" என்று அச்சாகிவிட்டது. எண்ணூறு பத்திரிகை. அத்தனையும் கொடுத்து முடித்த பிறகுதான் யாரோ பார்த்துச் சொன்னார்கள். கல்யாணத்தன்று அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு கிழவி கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் போட்டுவிட்டாள். இன்னொருவர் இருளம்மாளிடம் துக்கம் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி சாப்பிடாமல் எழுந்து போனார். நான் ஊரெல்லாம், "அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்புக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேசாததால் நானும் பேசவில்லை. அக்காளும் தங்கையும் மட்டும் தினமும் பேசிக்கொண்டார்கள், அதை எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. காய்ந்த பயிரைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவோம் என்று அய்யம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மகாராஜபுரத்தில் இறங்கி நடந்தோம். வரப்பில் ஏறிப் பார்க்கிறேன், வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். கதிரெல்லாம் பச்சையாக நிற்கிறது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. "வந்திருச்சுட்டீ! அப்டேட்டு வந்திருச்சு! அதுவா மோட்டாரப் போட்டு விட்டிருக்கு!" என்று கத்திவிட்டேன். அந்த இடத்திலேயே போன் கம்பெனிக்காரனின் தாயாரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டேன். பையிலிருந்து போனை எடுத்துப் பார்க்கிறேன். வட்டத்தைக் காணோம். போன் புதுப்பித்த நிலையில் உள்ளது.

மடையில் மண்வெட்டியோடு ஒருவர் குனிந்து நின்றார். பால்சாமி அண்ணாச்சி.

நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னார்: "ஒமக்காகப் போடல. நெல்லு என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "பொட்டி பூட்டியிருக்குமே, சாவி?" என்றேன். உங்கள் அத்தை பக்கத்து வயலில் நின்ற கொக்கை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நாளும் நீங்கதானா அண்ணாச்சி?"

"செத்தவன் வந்து மோட்டார் போட்டாம்னு ஊர்ல சொல்லிராதீரும். ஏற்கெனவே ஒருத்தி கிண்ணத்தப் போட்டுட்டா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, மாப்பிள்ளை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும், ஏழு வருஷமாக யாரிடமும், கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. "அண்ணாச்சி, அது அச்சாபீஸ்காரன் தப்பு இல்ல. புரூப் எங்கிட்டதான் வந்துச்சு. எம் பேரும், மில் ஃபிட்டர்னு போட்டிருக்கானான்னும் மட்டுந்தான் பாத்தேன். மத்தத வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"கலியாணத்துக்கு மறுநாளு அச்சாபீஸுக்குச் சண்டைக்குப் போனேன்லா. அவன் ஒம்ம கையெழுத்தக் காமிச்சான்."

"பொறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீரா வந்து சொல்லுவீருன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவீரு, நாளைக்குச் சொல்லுவீருன்னு பாத்தேன். ஏழு வருசம் ஓடிப்போச்சு." மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணை வெட்டி மடையில் போட்டு மிதித்தார். "அந்த 'லேட்'டுகூடப் பெருசில்லைய்யா. நான் எந்திரிச்சுப் போறத நீரு பாத்தீரு. பாத்துட்டு, பந்தியில யாருக்கோ அப்பளம் வைக்கச் சொல்லிக்கிட்டு இருந்தீரு."

அது உண்மை. நான் பார்த்தேன். பின்னாலேயே போயிருந்தால் மண்டப வாசலிலேயே முடிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எதற்கு ஒரு கலவரம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கம்பெனிக்காரன் அவன் செய்ய வேண்டியதை ஆறு மாதம் செய்யவில்லை என்று ஒன்பது முறை ராஜபாளையத்துக்குப் போய்ச் சண்டை போட்டேனே, பால்சாமி அண்ணாச்சி ஏழு வருஷத்தில் என் வாசலுக்கு ஒரு தடவைகூட வந்து கேட்கவில்லையே என்று அந்த வரப்பில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். நினைத்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

"தப்புதான் அண்ணாச்சி" என்று சொன்னேன். அவர் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, "கால நீட்டி உக்காரும், வீக்கம் கெடக்கு" என்றார். மத்தியானம் இருளம்மாள் வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு. அய்யம்மாள் அக்காள் வீட்டு அடுப்படியில் சொம்பு எங்கே இருக்கிறது, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுத்ததைப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவர்தான் என் மோட்டாரைப் போடுகிறார். கரண்ட் வந்ததும் எனக்குப் போன் அடிப்பார். "போட்டாச்சு" என்பார், வைத்துவிடுவார். மத்தியானம், "நிறுத்தியாச்சு", வைத்துவிடுவார். முதல் வாரம் அப்படி. இரண்டாம் வாரத்தில், "போட்டாச்சு, மயிலு நாலு எறங்கிக் கெடக்கு, வெரட்டிட்டேன்." இப்போது அரை மணி நேரம் ஆகிறது. நேற்று அவர் பேசியதில் மோட்டாரைப் போட்டாரா இல்லையா என்பதையே சொல்லவில்லை, நானும் கேட்க மறந்துவிட்டேன். பேசுவதற்கு மட்டும் இந்தப் போனில் எந்த அப்டேட்டும் தேவைப்படவில்லை என்பதைக் கம்பெனிக்காரனுக்காக நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் மாப்பிள்ளை, அவருக்கு வயது அறுபத்தெட்டு. அவருடைய வயலைப் பார்ப்பாரா, என் வயலைப் பார்ப்பாரா? எத்தனை நாள் ஒரு பெரிய மனிதரை இப்படிச் சிரமப்படுத்துவது? அதனால்தான் இந்தக் கடிதம். நீங்களும் சாப்ட்வேர்தான், அவர்களும் சாப்ட்வேர்தான். ஒரே துறையில் இருக்கிறவர்களுக்குள் ஒரு பேச்சுவார்த்தை இருக்காதா? பெங்களூரில் அந்தக் கம்பெனியின் ஆபீஸ் இருப்பதாக மகாலட்சுமி சொன்னாள். ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய், "எங்க மாமனார் ஒருத்தருக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி விடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அது முடியாவிட்டால் உங்கள் கையாலேயே அப்டேட் செய்து அனுப்ப வழியுண்டா என்று பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அப்டேட் தவறாமல் வருகிற வேறொரு போன் பற்றி யோசிக்கலாம். எதுவானாலும் சீக்கிரம் செய்ய வேண்டும். இனி ஒரு வாரம்கூட என்னால் பொறுக்க முடியாது.

பேரனை நேரத்துக்குத் தூங்கச் சொல்லவும். சத்யாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம், புரூப் விஷயம் நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். உங்கள் பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். நீங்கள் எல்லோரும் எடுத்த காரியம் தடங்கலின்றி நடந்து, பதினாறும் நிறைந்து நீடு வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
சங்கிலிப்பாண்டி

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை காலை. தபாலாபீஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது போன் ஒரு புதுச் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் அப்டேட் வந்துவிட்டது. கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் "இப்போதே நிறுவு" என்றும் மற்றதில் "பிறகு" என்றும் எழுதியிருக்கிறது. வாசற்படியிலேயே ரொம்ப நேரம் நின்றேன். அய்யம்மாள் உள்ளேயிருந்து, "என்னங்க சத்தம்?" என்றாள். "ஏதோ வெளம்பரம்" என்று சொல்லிவிட்டு, "பிறகு" என்பதைத் தொட்டுவிட்டேன். ஆகவே நீங்கள் லீவு போட வேண்டாம், அந்த ஆபீஸுக்குப் போக வேண்டாம், வேறு போனும் வேண்டாம், இது மிக உயர்ந்த போன். பால்சாமி அண்ணாச்சி உங்களிடம் பேசினால் இதைச் சொல்லிவிடாதீர்கள். அறுவடை முடியட்டும், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை ஏழு வருஷம் ஆக்க மாட்டேன்.